ஏழாம் வால்வின் தோல் வளையம்

1926 மார்ச் 8, திங்கள்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. ஏழாம் வால்வின் மூடியைப் பத்து போல்ட்டுகள் பிடித்திருப்பதாக எழுதியிருந்தேன். இன்று கிட்டப் போய் எண்ணினேன். துளைகள்தாம் பத்து, போல்ட்டுகள் எட்டு. துளைகளை எண்ணிவிட்டுப் போல்ட்டு என்று எழுதியிருக்கிறேன். இந்த மாதிரிப் பிழை என்னிடம் அடிக்கடி நேர்கிறது.

ஈப்போவிலிருந்து ஏழு மைல் தெற்கே, சிம்பாங் பூலாய் மலையடிவாரத்தில் இருக்கிறது நாங்கள் ஈயம் தோண்டும் லம்பம். மலையில் நானூறு அடி உயரத்தில் தண்ணீரைத் தேக்கி, ஓர் இரும்புக் குழாய் வழியாகக் கீழே இறக்குகிறார்கள். அந்தத் தண்ணீர் பீரங்கி போன்ற குழல்களின் வழியே பாய்ந்து மண்மேட்டை உடைக்கிறது. பீரங்கிகளுக்குச் சற்று முன்னால் நிற்பதுதான் ஏழாம் வால்வு. அதன் மூடிக்கும் உடலுக்கும் நடுவே தட்டு அளவில் ஒரு தோல் வளையம் உண்டு. அது தேய்ந்துவிட்டது. தேய்ந்த இடத்தில் தண்ணீர் கத்தி போல மெல்லிசாகச் சீறுகிறது. காலையில் ஒரு வாத்து அதன் குறுக்கே நடந்தது. பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாக விழுந்தது.

வால்வைப் பார்த்துக்கொள்ளும் பிட்டர் சன்னாசி, என் அக்காள் நவமணியின் புருஷன். மூன்று கோணிச் சாக்குகளைச் சுற்றி, அவற்றின்மேல் ஒரு பலகையை வைத்து, பலகையின்மேல் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பதுதான் ஒரு வாரமாக அவருக்கு வேலை. எதிர்க் கொட்டகையில் இருந்துகொண்டு காலை ஏழு முதல் மாலை ஆறு வரை மணிக்கு ஒரு தரம் பதிவேட்டில் அழுத்தம் எவ்வளவு, கசிவு உண்டா என்று எழுதுவது என் வேலை.

காலையில் பலகை நழுவி, மச்சானின் இடது தோளில் ஒரு சாண் நீளத்துக்குத் தோல் உரிந்துபோயிற்று.

"மாப்ள, இன்னைக்குத் தோலு. நாளைக்கு எலும்புதான்," என்றார். "நீ எழுதப் படிக்கத் தெரிஞ்சவன். ஸ்டோர்ல போயி ஒரு வளையம் கேளேன்லா."

போனேன். எங்கள் ஸ்டோர் முன்பு ரப்பர் தோட்டத்துப் புகைக்கொட்டகையாக இருந்தது. இப்போதும் உள்ளே போனால் கண் எரியும். ஸ்டோர்க் கணக்கைப் பார்க்கும் கிராணி விஸ்வலிங்கம் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர்.

"பழசு எங்கை, தம்பி?"

"வால்வுக்குள்ள இருக்குங்க ஐயா."

"அப்ப அதைக் கழட்டிக்கொண்டு வாரும். பழசைத் தந்தால் புதுசு. இது இண்டைக்கு நேற்று வந்த ஒழுங்கில்லை."

அவருக்குப் பின்னால் சுவர் முழுவதும் ஆணிகள். ஆணிக்கு ஒன்றாகத் தோல் வளையங்கள். நான் அறுபத்திரண்டு எண்ணினேன். அவர் அவற்றைத் திரும்பிப் பார்த்தார்; முகம் கனிந்தது.

"வெள்ளிக்கு வெள்ளி நானே தேங்காயெண்ணெய் பூசிறனான். பாரும், ஒண்டாவது வெடிச்சிருக்கோ? ஒன்பது வருசமாய் இந்தச் சுவரிலையிருந்து ஒரு வளையமும் வெளியாலை போகேல்லை. களவு எண்ட பேச்சுக்கே இங்கை இடமில்லை."

மூடியைக் கழற்ற வேண்டுமானால் மலை மேலேயே தண்ணீரை நிறுத்த வேண்டும். அதற்குத் துரையின் உத்தரவு வேண்டும். துரையின் பங்களா வாசலில் ஒரு மணி நேரம் நின்றேன். துரை முன்பு ரப்பர் தோட்டத்தில் இருந்து தமிழ் கற்றவர்.

"புது வளையம் கையில இருக்கா?"

"இல்லைங்க துரை. பழசக் குடுத்தாத்தான் குடுப்பாங்களாம்."

"கையில புதுசு இல்லே. அப்போ தண்ணி எதுக்கு நிக்கணும்? முட்டாள் மாதிரி பேசறான்."

இருவர் சொன்னதையும் சேர்த்து எழுதிப் பார்த்தேன். புதுசு வர வேண்டுமானால் பழசு வெளியே வர வேண்டும். பழசு வெளியே வர வேண்டுமானால் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் நிற்க வேண்டுமானால் புதுசு வர வேண்டும். நான் எங்கோ ஒரு வரியை விட்டுவிட்டேன் என்று நினைத்து மறுபடியும் எழுதினேன். அப்படியேதான் வந்தது.

நான் திரும்பியபோது மண்டோர் உடையப்பன் மச்சானை அடித்துக்கொண்டிருந்தார். உடையப்பன்தான் எங்கள் வரிசையின் மேஸ்திரி. மச்சான் தண்ணீர் குடிக்க எழுந்து போனாராம். உடையப்பன் கோபத்தில் யாரையும் அடிப்பதில்லை. ரோத்தான் பிரம்பைத் துணியால் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் ஒரே மாதிரி மூன்றடி. "ஒண்ணு கம்பெனிக்கு. ஒண்ணு துரைக்கு. ஒண்ணு எனக்கு." எண்ணிக்கையில் தவறுவதில்லை.

நாளை: பழைய வளையத்துக்கு வழி தேட வேண்டும்.

மார்ச் 9, செவ்வாய்

நேற்று மூன்றடி என்று எழுதினேன். நான்கு என்கிறார் மச்சான். நாலாவது கை தவறி விழுந்ததாம். அதனால் மண்டோர் அதை எண்ணவில்லை. திருத்திக்கொள்கிறேன்.

வழியைச் சொன்னது அக்காள்தான். மச்சானின் தோளுக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டே சொன்னாள்.

"அவருக்கு ஒரு பழைய வளையம் வேணும். அவ்வளவுதானே? அது வால்வுக்குள்ள இருந்த பழசுன்னு அதும்மேல எழுதியா இருக்கு?"

"அது பொய்யில்லையா அக்கா?"

"பொய்தான். பொண்டாட்டி நான் சொல்லச் சொல்றேன், உனக்கென்னடா சுசா, என்ன கஷ்டம்?"

இன்று, ஈப்போவில் நான் எந்திரத் தொழில் படிக்கும் மாலை வகுப்பு நாள். மூன்று மணிக்கே விடுப்புச் சொல்லி மோட்டார் பஸ்ஸில் ஈப்போ போய், சீனச் செருப்புக் கடையில் எருமைத்தோலில் ஒரு வளையம் வெட்டி வாங்கினேன். தடிப்பு சரியாக அரை அங்குலம். ஸ்டோர்ப் பலகையில் "தேய்மான வரம்பு பத்தில் ஒரு பங்கு" என்று எழுதியிருப்பது நினைவில் இருந்தது. எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பதை ஊகத்துக்கு விட நான் விரும்பவில்லை. வகுப்பில் கார்த்திகேசு வாத்தியார் எங்களுக்கு அளவுகோல் கவ்வியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்திருக்கிறார். வகுப்பு முடிந்தபின் அவரிடம் அதை இரவல் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கல்லில் தேய்த்தேன். தேய்ப்பேன், அளப்பேன், மறுபடி தேய்ப்பேன். சரியாகப் பத்தில் ஒரு பங்கு வந்ததும் நிறுத்தினேன். மச்சான் அதைச் சேற்றிலும் எண்ணெயிலும் போட்டுச் சுத்தியலால் நாலு போடு போட்டார். அவருக்கு அது பிடித்திருந்தது. பிறகு ஒவ்வொரு போடுக்கும் ஒரு பெயர் சொன்னார்.

"இது கம்பெனிக்கு. இது துரைக்கு. இது மண்டோருக்கு. நாலாவது யாருக்கு மாப்ள?"

"அது கை தவறி விழுந்தது மச்சான்."

அக்காள் சிரித்தாள். இந்த வாரத்தில் அவள் சிரித்தது இதுதான் முதல் தடவை.

நாளை: பத்து மணிக்குத் தள்ளுபடிச் சபை. வளையத்தை ஒப்படைக்க வேண்டும்.

மார்ச் 10, புதன்

நேற்று செய்ததில் ஒரு பிழை இருக்கிறது. பெரிய பிழை. வரிசையாகவே எழுதுகிறேன்.

தள்ளுபடிச் சபை புதன்தோறும் ஸ்டோர் வாசலில் கூடும். பச்சைத்துணி விரித்த மேசைக்குப் பின்னால் விஸ்வலிங்கம் ஐயா. மேசைக்கு முன்னால் ஒரு பட்டறைக்கல். கல்லின் பக்கத்தில் பதினான்கு ராத்தல் சம்மட்டியுடன் உடையப்பன். ஒரு பொருள் தேய்ந்தது என்று ஐயா தீர்ப்புச் சொன்னதும் உடையப்பன் அதை மூன்று முறை அடித்து உடைத்துவிடுவார். ஒரே பழசை இரண்டு தரம் காட்டி யாரும் இரண்டு புதுசு வாங்கிவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு.

இன்று முதலில் வந்தது ஒரு விளக்கு. கண்ணாடி சிதறி, கொண்டுவந்தவனின் நெற்றியில் குத்தியது. அடுத்தது ஒரு வாளி. அதற்கடுத்து ஒரு தள்ளுவண்டிச் சக்கரம். மூன்றாம் அடியில் கம்பி ஒன்று பிய்ந்து பறந்து, வரிசையில் நின்ற கிழவரின் முழங்காலை முறித்தது. வரிசை கலையவில்லை. கிழவரை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டு எல்லாரும் ஓரடி முன்னால் வந்தோம். கிழவரின் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி, அவருடைய முறை வந்தபோது அதையும் உடைத்தார்கள். ஒழுங்கு தவறவில்லை.

என் முறை வந்தது. ஐயா வளையத்தை முகர்ந்தார், வெளிச்சத்தில் பிடித்தார். மேசைக்குள்ளிருந்து தம்முடைய கவ்வியை எடுத்து நான்கு இடங்களில் அளந்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இப்பிடி ஒரு தேய்மானத்தை நான் என்ரை சீவியத்திலை காணேல்லை. எல்லாப் பக்கமும் ஒரே அளவு. பத்திலை ஒண்டு. ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இல்லை."

"ஆமாங்க ஐயா."

"பத்திலை ஒண்டு வரம்பு. வரம்பைத் தாண்டினால்தான் தள்ளுபடி. இது தாண்டேல்லை. இன்னும் மூண்டு மாசத்துக்கு உழைக்கும். பாழாக்கப் பார்த்தீரே."

வளையத்தின்மேல் சிவப்பு முத்திரை குத்தி என் கையில் திருப்பிக் கொடுத்தார். "ஏழாம் வால்வு. வளையம் நல்ல நிலையில். ஜூன் பத்து வரை" என்று புத்தகத்தில் எழுதினார். சம்மட்டியை ஓங்கி நின்ற உடையப்பனுக்கு ஏமாற்றம். சும்மா இறக்க மனம் வராமல் கல்லையே ஒரு போடு போட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு தேய்த்திருந்தால்கூட வளையம் கிடைத்திருக்கும். அளந்து தேய்த்ததால் கிடைக்கவில்லை.

அதோடு முடியவில்லை. வளையம் நல்ல நிலையில் இருக்கிறது என்று புத்தகத்தில் ஏறியதால், ஏழாம் வால்வில் கசிவு இருக்க முடியாது. கசிவு இல்லாத இடத்துக்குச் சாக்கு எதற்கு? பன்னிரண்டு மணிக்கு உடையப்பன் வந்து மூன்று சாக்குகளையும் பலகையையும் ஸ்டோருக்குத் தூக்கிப் போய்விட்டார். மச்சானை மட்டும் எடுக்கவில்லை. கசிவு கண்டால் சொல்வதற்கு ஓர் ஆள் வால்வருகே நிற்க வேண்டும் என்பது வேறொரு விதி.

ஒரு மணிக்கு மச்சான் சொன்னார், "மண்டோரே, கசியுது."

உடையப்பன் நனைந்துபோய் நின்றார். மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. "எங்கே கசியுது? புத்தகத்துல இல்லையே. பொய்யா சொல்றே?" என்று மூன்றடி கொடுத்தார்.

இரண்டு மணிக்கு மச்சான் மறுபடி சொன்னார். மறுபடி மூன்றடி.

"சொல்லாம இருங்களேன் மச்சான்," என்றேன்.

"கசியுதா இல்லையா?"

"கசியுது."

"அப்பச் சொல்லணும்ல. அதுக்குத்தானே நிப்பாட்டி வச்சிருக்கான்."

பதிவேட்டில் மணிக்கு மணி கசிவு "இல்லை" என்று எழுதச் சொல்லி எனக்கு ஸ்டோரிலிருந்து சீட்டு வந்தது. எழுதினேன். நனைந்த தாளில் மை பரவியது.

நாளை: வேறு வழி யோசிக்க வேண்டும். என் யோசனைகளை இனி நம்பலாமா என்பதையும் யோசிக்க வேண்டும்.

மார்ச் 11, வியாழன்

நேற்று எழுதியதில் பிழை எதுவும் தெரியவில்லை. நேற்று செய்ததில்தான்.

இன்று மச்சான் ஏழு தடவை கசிவு சொன்னார். உடையப்பன் இருந்த வேளைகள் ஏழுதான். இருபத்தோரு அடி. அதற்கு நடுவே, பதினொரு மணிக்கு நீர்ப்பீரங்கிக்காரர்கள் ஆறு பேர் கம்பும் கையுமாக வந்தார்கள். அவர்களுடைய குழலில் தண்ணீர் பலமில்லாமல் வருகிறதாம். கசிவைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். ஆனால் அவர்களுடைய தலைவர் என் பதிவேட்டைக் கேட்டார். "இல்லை, இல்லை, இல்லை" என்று வரிசையாக இருந்தது. கசிவு இல்லையென்றால் தண்ணீரை யாரோ திருடுகிறார்கள் என்று முடிவு செய்தார். வால்வருகே இருந்தவர் மச்சான் ஒருவர்தான். தண்ணீரை எங்கே ஒளித்துவைத்திருக்கிறான் என்று கேட்டுக் கேட்டு அடித்தார்கள். நான் குறுக்கே போனேன். என் மூக்கில் ஒரு குத்து விழுந்தது. பல் ஒன்று ஆடுகிறது. போகும்போது தலைவர் பதிவேட்டைத் துடைத்து என்னிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் அக்காள் சிரிக்கவில்லை.

"அளவு பாத்துத் தேய்ச்சியே, இந்த முதுகையும் அளந்து சொல்லு. பத்துல ஒண்ணு தாண்டியிருக்கா? தாண்டியிருந்தா ஸ்டோர்ல குடுத்துட்டுப் புதுசு வாங்கிட்டு வா."

"அக்கா..."

"நல்லா படிக்கிறான் என் தம்பின்னு லயத்து வீடு பூரா சொல்லிட்டுத் திரியுறேன். இல்லை இல்லைன்னு எழுதினியாமே. அதை எழுதவா உன்னைப் படிக்க வச்சேன்?"

மச்சான் குப்புறப் படுத்தபடி, "விடு புள்ள. அவன் கையெழுத்து அழகா இருந்துச்சுன்னு அடிச்சவனே சொன்னான்," என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. பல்லும் ஒரு காரணம்.

நாளை: துரை வால்வுகளைப் பார்வையிட வருகிறார். அவர் கண்ணால் கண்டால் தீர்ந்துவிடும். அந்த நேரம் நான் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மார்ச் 12, வெள்ளி

பிழைத் திருத்தம்: புதன் ஒரு மணி முதல் இன்று காலை பத்து மணி வரை பதிவேட்டில் இருபத்திரண்டு இடங்களில் "இல்லை" என்று எழுதியிருக்கிறேன். இருபத்திரண்டும் பிழை.

துரை பத்து மணிக்குக் குடையுடன் வந்தார். விஸ்வலிங்கம் ஐயா புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். வால்விலிருந்து பாய்ந்த தண்ணீர் குடைத்துணியில் பட்டு, ஒரு கம்பியோடு துணியைக் கிழித்துக்கொண்டு போயிற்று. துரை மிச்சக் குடையைச் சாய்த்துப் பிடித்தார்.

மச்சான் நிமிர்ந்து நின்று, "துரைகளே, கசியுது," என்றார்.

துரை ஐயாவைப் பார்த்தார். ஐயா புத்தகத்தைப் பார்த்தார். "ஜூன் பத்து வரைக்கும் கசியாது, சேர்," என்றார்.

துரை எங்கள் எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினார்.

"இந்தக் கம்பெனியில ரெண்டு சாமான் இருக்கு. ஒண்ணு இரும்பு. ஒண்ணு புத்தகம். இரும்பு தேயும், உடையும், பொய் சொல்லும். புத்தகம் தேயாது. நான் எதை நம்பணும்? என் மேல இப்போ தண்ணி அடிக்குது. அது மழையா இருக்கலாம். புத்தகத்துல ரெண்டு கையெழுத்து இருக்கு. மழையில எந்தக் கையெழுத்து இருக்கு?"

பிறகு, மூடி தளர்ந்திருக்கலாம், முடுக்கு என்று உடையப்பனுக்கு உத்தரவிட்டார். உடையப்பன் நீள ஸ்பானரை மாட்டினார். "ஒண்ணு கம்பெனிக்கு," என்று ஒரு முடுக்கு. "ஒண்ணு துரைக்கு," என்று இன்னொன்று. மூன்றாவதைச் சொல்லும் முன் போல்ட்டு அறுந்தது.

போல்ட்டின் தலை அவருடைய தாடையில் புகுந்தது. அவர் உட்கார்ந்தார். வாயைத் திறந்தபோது பற்கள் மடியில் விழுந்தன. அந்தப் பக்கத்தில் மூடி விரலளவு தூக்கிக்கொள்ள, தண்ணீர் சுவர் போலப் புறப்பட்டு, பின்னால் நின்ற இரண்டு பேரைத் தூக்கிப் பாறையில் அடித்தது. ஒருவனின் கை, மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியிருந்தது. எல்லாரும் ஓடினார்கள். மச்சான் மட்டும் தண்டவாளக் கட்டை ஒன்றை இழுத்து மூடியின்மேல் போட்டு, அதன்மேல் குப்புற விழுந்தார். அவருடைய இடது கையின் இரண்டு விரல்கள் கட்டைக்கும் இரும்புக்கும் நடுவே சிக்கி நசுங்கின. அவர் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மூடி பறந்துவிடும்.

கயிறு போட்டுக் கட்டையை இறுக்க அரை மணி ஆயிற்று. நான்தான் கட்டினேன். முடிச்சு மூன்று தரம் தவறியது.

விசாரணை அங்கேயே நடந்தது. வளையம் நல்ல நிலையில் இருப்பதால் குற்றம் போல்ட்டின்மேல் விழுந்தது. புதுப் போல்ட்டு தரத் தயார் என்று விஸ்வலிங்கம் ஐயா சொன்னார்.

"பழசைத் தந்தால் போதும். தண்டு இங்கை கிடக்குது. தலை மண்டோரின்ரை தாடைக்குள்ளை. ஆசுப்பத்திரிக்கு எழுதிக் கேப்பம். வீக்கம் வத்தினால் திங்கட்கிழமை எடுக்கலாமாம்."

"அதுவரைக்கும் ஐயா?"

"அதுவரைக்கும் உம்மடை மச்சான் நிக்கட்டும். நல்ல ஆள். என்ன தேய்மானம் பாரும், ஒரு முறைப்பாடு இல்லை."

துரை அதை உத்தரவாக எழுதிக் கொடுத்தார். நாளை காலை ஏழு மணி முதல் திங்கள் வரை சன்னாசி கட்டைமேல் படுத்திருக்க வேண்டும். இன்று மீதி வேளைக்கு வேறு இருவர்.

மிச்சமிருக்கும் ஏழு போல்ட்டுகளையும் தொட்டுப் பார்த்தேன். மூன்றில் கீறல் இருக்கிறது. வாத்தியார் சொல்லித்தந்த கணக்கைப் போட்டுப் பார்த்தேன். என் கணக்கு தவறாக இருக்கலாம். ஆனால் எந்தப் பக்கம் தவறினாலும் திங்கள்கிழமை வராது. மூடி பறந்தால், அதன்மேல் படுத்திருப்பவரும் அதோடு போவார்.

மத்தியானம் கசாப்புக்கடை போல இருந்த அந்த இடத்தை விட்டு, தனியாக மலை ஏறினேன். தண்ணீரைத் திறந்து மூடும் மேல் அடைப்பைக் காக்கிறவர் பத்துமலை. குடிசை வாசலில் மீன் சுட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தண்ணிய ரெண்டரை மணி நேரம் நிறுத்தணும்."

"கடுதாசி இருக்கா?"

"இல்லண்ணே."

"தா போலே லா, முடியாது தம்பி. போன வருசம் சீனின்னு ஒருத்தன் கடுதாசி இல்லாம மூடினான். ஆபீஸ் வாசல்ல வச்சு ஆளுக்கு மூணுன்னு நாப்பது பேர் அடிச்சாங்க. நானும் மூணு அடிச்சேன். அடிக்காட்டி எனக்கு விழும்." மீனைத் திருப்பிப் போட்டார். "இன்னைக்கும் தஞ்சோங் மாலிம்ல கம்பு ஊனித்தான் நடக்கிறான்."

மச்சானின் விரல்களைப் பற்றிச் சொன்னேன். அதிகம் சொல்லவில்லை, பார்த்ததை மட்டும் சொன்னேன்.

மீன் கருகியது. அதை நெருப்பிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார்.

"நான் மூட மாட்டேன்," என்றார் கடைசியில். "ஆனா நாளைக்குக் காலையில அஞ்சரை மணிக்கு ஆத்துக்குக் குளிக்கப் போவேன். சக்கரத்துச் சாவி ஆணியில தொங்கும். வலப்பக்கமா முப்பத்திரண்டு சுத்துன்னு பலகையில எழுதியிருக்கு. நான் ரொம்ப நேரம் குளிக்கிற ஆளு."

இறங்கி வந்து அக்காளிடம் சொன்னேன். அவள் முத்திரை குத்திய வளையத்தை எடுத்து எண்ணெய் தடவித் துணியில் சுற்றினாள். என் ஆடும் பல்லைப் பார்த்தாள். போகாதே என்று சொல்லவில்லை.

நாளை: காலை ஐந்தரை மணிக்கு மலையில் மேல் அடைப்பு. முப்பத்திரண்டு சுற்று, வலப்பக்கமாக. குழாய் வடிய முக்கால் மணி. ஏழு போல்ட்டுகளைக் கழற்றி, வளையத்தைப் போட்டு, கீறிய மூன்றும் அடுத்தடுத்து வராமல் மாற்றி மாட்டி, மச்சானும் நானுமாக மூடியை முடுக்க ஒன்றரை மணி. தண்ணீரைத் திறந்துவிட்டுப் பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். ஒன்பது மணிக்கு ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். ஆளுக்கு மூன்று. சட்டை வேண்டாம்.